மூன்று முறை வெளியே அனுப்பப்பட்ட என் அரை ஆர்க்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாக ஆடுவோம். அப்படி நான் ஆடிய பாத்திரங்களின் விவரம் எழுதிய பழைய கேரக்டர் ஷீட்டுகளை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். 11 இருந்தன. அதில் 7 அரை ஆர்க், அதாவது ஆர்க் என்ற முரட்டு இனமும் மனிதரும் கலந்து பிறந்தவர்கள். மீதி நான்கில் இரண்டு ட்வார்ஃப், ஒரு ஹாஃப்லிங் (இரண்டும் குட்டையான இனங்கள்), ஒரு கென்கு (காக்கை உருவ இனம்). எல்ஃப் ஒன்றுகூட இல்லை.

"எப்பப் பார்த்தாலும் அதையே ஏன் எடுக்கிறாய்?" என்று எங்கள் மேசையில் அடிக்கடி கேட்பார்கள். "பலம் அதிகம், அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அது உண்மையான காரணம் கிடையாது. அந்த ஏழு பேரில் மூன்று பேருக்குப் பலத்தால் பெரிய பயன் எதுவும் இல்லை. ஒருத்தி க்ளெரிக் (குணப்படுத்தும் பூசாரி), ஒருவன் பார்ட் (பாடகன்), இன்னொருவன் விஸார்ட் (மந்திரவாதி). உண்மைக் காரணத்தை ஒரு தடவை முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த க்ளெரிக்கிலிருந்தே தொடங்குகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு, முதல் லெவல், நான்கு பேர் கொண்ட பார்ட்டி, அதாவது குழு. மழையில் நனைந்து ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறோம். சத்திரக்காரர் எங்களைப் பார்த்தார், தலையை எண்ணினார், மேசையில் மூன்று குவளைகளை வைத்தார் என்று ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. மூன்று குவளை. மேசையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஃபைட்டர் ஆடிய நண்பர், "என் குவளையை அவள் பக்கம் நகர்த்துகிறேன்" என்றார். எந்தத் திட்டமும் இல்லாமல், டைஸ் உருட்டாமல் வந்த ஒரு வரி அது. அந்த நிமிடத்தில்தான் நாங்கள் நான்கு பேரும் ஒரு பார்ட்டி ஆனோம்.

இதே காட்சியை மனித க்ளெரிக்கோடு ஆடியிருந்தால் நான்கு குவளை வந்திருக்கும். குடித்துவிட்டு, அடுத்த குகை எங்கே என்று கேட்டிருப்போம். இனம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பொருள் எனக்கு இதுதான். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்த உலகம் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த முடிவோடு நான் மல்லுக்கட்ட வேண்டும். அப்படி எதுவுமே நடக்காத இனம், எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எனக்கு உடை மாற்றிய மனிதராகத்தான் தெரிகிறது.

அதே க்ளெரிக், மூன்றாம் லெவல். ஓக்ரி என்ற ஒரு ராட்சதனிடம் மாட்டிக்கொண்டோம். ஃபைட்டர் விழுந்துவிட்டார், விஸார்டும் விழுந்துவிட்டார். என் கையில் 8 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). ஓக்ரியின் தடி இறங்கியது, 13 புள்ளி சேதம். விழ வேண்டியவள்தான். ஆனால் 2014 புத்தகத்தில் அரை ஆர்க்குக்கு ஒரு வரி இருக்கிறது: ஒரே அடியில் செத்துப்போகாமல் பூஜ்யத்துக்கு இறங்கினால், பூஜ்யத்துக்குப் பதில் ஒன்றில் நிற்கலாம். நீண்ட ஓய்வு எடுக்கும் வரை ஒரே ஒரு முறை. அந்த வரியைப் பென்சிலால் ஷீட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன், அதுவரை அதைத் தொட்டதே இல்லை. ஒன்று என்று எழுதினேன். "எப்படி இன்னும் நிற்கிறாள்?" என்று டிஎம் கேட்டார். விதியைக் கேட்கவில்லை, கதையைக் கேட்டார். "பழகியவள்" என்று சொன்னேன். அடுத்த முறை என் கை வந்ததும் ஹீலிங் வேர்டு என்ற குணப்படுத்தும் மந்திரம், ஃபைட்டர் எழுந்து உட்கார்ந்தார். குவளையை நகர்த்திய அதே ஃபைட்டர்.

இப்படிப்பட்ட ஒரு இனத்தை இந்த விளையாட்டின் முதன்மைப் புத்தகத்திலிருந்து இதுவரை மூன்று முறை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் என் வருத்தம்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாபிட் ஆகிய நான்குதான் முதலில் சொல்லப்பட்ட இனங்கள். ஹாபிட் என்ற பெயருக்கு வேறு ஒருவருக்கு உரிமை இருந்ததால் அது பின்னால் ஹாஃப்லிங் ஆனது. மனிதர் அல்லாதவர்களுக்கு அப்போது உச்சவரம்பும் உண்டு. ட்வார்ஃப் ஆறாம் லெவலைத் தாண்ட முடியாது, ஹாபிட் நான்கோடு நின்றுவிட வேண்டும். அரை ஆர்க் வந்தது 1978-ல், அட்வான்ஸ்டு பதிப்பின் முதன்மைப் புத்தகமான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில். எந்த இனத்துக்கு எந்த இனத்தைப் பிடிக்கும், எதை வெறுக்கும் என்று ஒரு அட்டவணையே அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். அரை ஆர்க்கின் வரிசையில் அன்பு குறைவு என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. முதன்மைப் புத்தகத்தில் அரை ஆர்க் இல்லை. 2000-ல் மூன்றாம் பதிப்பில் திரும்ப வந்தது, எப்படி வந்தது தெரியுமா? பலத்துக்கு +2, அறிவுக்கு -2, கரிஸ்மா என்ற ஈர்ப்புத் திறனுக்கு -2. கொடுத்ததைவிட எடுத்தது அதிகம். 2008-ல் நான்காம் பதிப்பு, மறுபடியும் காணோம். டிராகன்பார்னுக்கும் டீஃப்லிங்குக்கும் இடம் கிடைத்த அந்தப் புத்தகத்தில் அரை ஆர்க்குக்கும் நோமுக்கும் இடமில்லை. இரண்டும் அடுத்த வருடம் இரண்டாவது ஹேண்ட்புக்கில்தான் வந்தன. 2014-ல் ஐந்தாம் பதிப்பில் ஒரு வழியாகக் கௌரவமாக உள்ளே உட்கார்ந்தது. பலத்துக்கு +2, உடல் உறுதிக்கு +1, கழித்தல் எதுவும் இல்லை, கூடவே நான் மேலே சொன்ன அந்த ஒற்றை வரி.

2024-ல் புதிய ஹேண்ட்புக். 10 இனங்கள். ஆர்க் இருக்கிறது, கோலையத் இருக்கிறது, ஆசிமார் இருக்கிறது. அரை எல்ஃபும் அரை ஆர்க்கும் இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரைப் பார்த்து "நீ அரை" என்று சொல்வது வலிக்கும். கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அந்தச் சொல்லை விளையாட்டில் பார்க்கும்போதும் வலிக்கிறது என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது நம் கடமை. பழைய புத்தகங்கள் அரை ஆர்க்கின் பிறப்பைப் பற்றி மரியாதையாகப் பேசியதும் இல்லை. ரேஸ் என்ற சொல்லையே விட்டுவிட்டு ஸ்பீஷீஸ் என்று புதிய புத்தகம் சொல்கிறது. இதே மாதிரியான இன்னொரு மேசை விளையாட்டான பாத்ஃபைண்டர் 2019-லேயே ஆன்செஸ்ட்ரி என்று மாற்றிக்கொண்டது. இதில் எல்லாம் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆனால் சொல் தவறு என்றால் சொல்லை மாற்ற வேண்டும். ஆளையே எடுத்துவிட்டார்கள். பாத்ஃபைண்டர் என்ன செய்தது பாருங்கள். 2023-ல் திருத்திய புத்தகத்தில் அரை ஆர்க்குக்கு ட்ரோமார் என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். ஆர்க் ரத்தத்தின் மறுபாதி மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் தளர்த்தினார்கள். டிஎம் சம்மதித்தால் தாய் ட்வார்ஃபாகவும் தந்தை ஆர்க்காகவும் இருக்கலாம். படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது. அவமானமாக இருந்த சொல் போய்விட்டது, அந்த ஆள் அப்படியே இருக்கிறார்.

"அதான் ஆர்க் வந்துவிட்டதே, அந்த ஒன்றில் நிற்கும் வரியும் ஆர்க்குக்குப் போய்விட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். ஆர்க் முதன்மைப் புத்தகத்துக்குள் வந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இத்தனை வருடம் வெட்டித் தள்ளுவதற்கென்றே வைத்திருந்தவர்களை ஆட விட்டது நல்ல காரியம். ஆனால் ஆர்க்குக்கு ஒரு ஊர் உண்டு. அரை ஆர்க்குக்கு இரண்டு ஊர் உண்டு, இரண்டிலும் வாசல் வரைக்கும்தான். நான் ஆட விரும்புவது அந்த வாசலில் நிற்கும் ஆளை. இதே விதிகளை வைத்துச் செய்த கணினி விளையாட்டான பால்டர்ஸ் கேட் 3 வந்தது 2023-ல், அதன் 11 இனங்களில் அரை ஆர்க் உண்டு. அடுத்த வருடமே புத்தகத்தில் இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த வாசல் விஷயத்தைக் கணினி விளையாட்டுகளில் மிக நன்றாகச் செய்தது, என் கணக்கில், 2009-ல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். அதில் ஒரு ட்வார்ஃப் தொடக்கம் இருக்கிறது. ஓர்ஸமார் என்ற நிலத்தடி நகரம், அங்கே சாதி அடுக்கு, அந்த அடுக்குக்கும் வெளியே சாதியற்றவர்கள். சாதியற்றவர் என்று முகத்தில் போட்ட அடையாளத்தோடு நீங்கள் ஆட்டத்தைத் தொடங்குகிறீர்கள். போர்வீரர்கள் மட்டும் மோதும் போட்டியில், குடித்து விழுந்து கிடக்கும் ஒரு வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் பெயரில் இறங்கிச் சண்டை போடுகிறீர்கள். ஜெயித்துக்கொண்டே போகும்வரை கூட்டம் ஆரவாரம் செய்கிறது. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்த நொடியில் அதே கூட்டம் மாறுகிறது. உங்கள் கை அதே கைதான், வாள் வீச்சும் அதேதான். பல மணி நேரம் கழித்து அந்த நகரத்துக்கே திரும்பி வந்து, அடுத்த அரசர் யார் என்று முடிவு செய்யும் இடத்தில் நிற்பீர்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே நடந்தபோது நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டுத் தொடர் வேறு விதமாகச் செய்கிறது. 2002-ல் வந்த மாரோவிண்டில் ஆர்கோனியன் (பல்லி உருவம்), காஜீட் (பூனை உருவம்) இரண்டு இனங்களும் பூட்ஸ் போட முடியாது, முகத்தை மூடும் தலைக்கவசமும் போட முடியாது. அந்தக் கால் அப்படி, அந்த முகம் அப்படி. அருமையான பூட்ஸ் ஒன்று கிடைத்து அதைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் உங்களுக்கு வால் இருக்கிறது என்பது உறைக்கும். 2011-ல் வந்த ஸ்கைரிமில் பூட்ஸ் போடலாம். ஆனால் விண்ட்ஹெல்ம் என்ற நகரத்தில் ஆர்கோனியன்கள் மதிலுக்கு வெளியே துறைமுகத்தில்தான் குடியிருக்கிறார்கள். நீங்களே ஆர்கோனியனாக இருந்தாலும் நகரத்துக்குள் தாராளமாகப் போய்வரலாம் என்பதுதான் எனக்குக் குறை.

சரி, எல்ஃப். எல்ஃப் பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் பதிப்பில் எல்ஃப் 750 வயது வரை வாழலாம். அரை ஆர்க் 75-ஐத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் பெரும்பாலான மேசைகளில் இருவரும் ஒரே அவசரத்தில் கதவை உடைக்கிறார்கள். நான் பார்த்த ஒரே ஒரு நல்ல எல்ஃப், ஒரு சத்திரக்காரரிடம் "உங்கள் கொள்ளுத் தாத்தா இந்த இடத்தை நன்றாக நடத்தினார்" என்று சொன்ன எல்ஃப். அவருக்கு இரவில் நான்கு மணி நேரத் தியானம் போதும், தூக்கம் வேண்டாம். மற்றவர்கள் தூங்கும் மீதி நான்கு மணி நேரத்தில் பார்ட்டியில் எல்லாருடைய செருப்பையும் தைத்துவைப்பார். ஒவ்வொரு முகாமிலும் அதைச் சொல்வார். அந்த மாதிரி ஆடத் தெரிந்தவருக்கு எல்ஃப் தங்கம். என்னால் முடியவில்லை, அதனால் எடுப்பதில்லை.

ஹாஃப்லிங்கை ஒரே காரணத்துக்காக எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். டி20 என்ற இருபது பக்க டைஸில் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம். புதிதாக ஆட வருபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கென்குவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2016-ல் வந்த விதிப்படி அவர்களுக்குச் சொந்தக் குரல் இல்லை, காதில் கேட்ட ஒலிகளை மட்டுமே திரும்பச் சொல்ல முடியும். நான் ஒரு நோட்டில் மற்றவர்கள் மேசையில் பேசிய வாக்கியங்களைக் குறித்துவைத்து, அவற்றை மட்டும் வைத்தே ஆறு மாதம் ஆடினேன். விஸார்ட் எப்போதோ ஆத்திரத்தில் சொன்ன "என்னை விட்டுட்டுப் போகாதீங்க" என்ற வரியை, அவர் இறந்து கிடந்தபோது அவருடைய குரலிலேயே நான் திரும்பச் சொன்னேன். 2022-ல் விதியைத் தளர்த்தி, கென்குவும் சாதாரணமாகப் பேசலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பலருக்கு அது வசதி. எனக்கு அந்த நோட்டு இல்லாமல் கென்கு வேண்டாம்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 2020-ல் வந்த ஒரு துணைப் புத்தகம், இனத்தோடு வரும் +2-ஐயும் +1-ஐயும் எந்தத் திறனுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2024-ல் அது இனத்தை விட்டே போய், கேரக்டரின் பின்னணியோடு சேர்ந்துவிட்டது. "எல்லா இனமும் ஒன்றாகிவிட்டது" என்று பலர் வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2000-ன் விதியில் என் அரை ஆர்க் பார்ட் பிறந்திருக்கவே மாட்டான். பாடுவதற்குத் தேவையான திறனிலேயே இரண்டைப் பிடுங்கிக்கொண்டுதான் அவனை உள்ளே விட்டிருப்பார்கள். அந்த +2 முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டல் கணக்குக்குள் மறைந்துவிடும், அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்ஃபின் தூங்காத இரவு, ஹாஃப்லிங்கின் இரண்டாவது உருட்டல், அரை ஆர்க் ஒன்றில் நிற்பது, இதெல்லாம் வருடக்கணக்கில் பேச்சில் இருக்கும். விதி எழுதுபவர்கள் இந்த மாதிரி வரிகளை ஒவ்வொரு இனத்துக்கும் இன்னும் இரண்டு கொடுத்தால் போதும். எண்களை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் அடுத்த கேம்பைன் (தொடர் ஆட்டம்) 2024 புத்தகத்தில்தான். பழைய புத்தகத்து இனங்களைப் புதிய விதிகளோடு சேர்த்து ஆட அதில் வழி இருக்கிறது, டிஎம்மும் சம்மதித்துவிட்டார். எட்டாவது அரை ஆர்க்கின் ஷீட்டை நேற்று எழுதி முடித்தேன். தாய் ஆர்க், தந்தை மனிதர், இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பித்தான் சேர்ந்தார்கள், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். ரேஞ்சர். வில், 20 அம்பு, கயிறு, படுக்கைச் சுருள் என்று பொருள் பட்டியல் வழக்கம்போலத்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், ஒரு மரக் குவளை எழுதியிருக்கிறேன். இந்த முறை அவள் தன்னுடையதைத் தானே கொண்டுவருகிறாள்.