மிதாக்ஷரத்தை விட்டுவிடுங்கள் ஐயா

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை மண்டபத்துப் பேச்சின் காணொளியை இதுவரை ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "பொண்ணுக்குச் சொத்துல பங்கில்லைன்னு மிதாக்ஷரத்துலயே இருக்குதுங்க" என்றதும் என்ன கைதட்டல்! தட்டியவர்களில் ஒருத்தராவது அதைப் புரட்டியதுண்டா?

சாளுக்கியரின் கல்யாணியில் விஞ்ஞானேசுவரர், யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய தர்மசாஸ்திர நூலுக்கு எழுதிய உரைதான் மிதாக்ஷரம். வயது சுமார் 900. கல்யாணமாகாத தங்கைக்கு அண்ணன்மார் கால் பங்கு தர வேண்டும் என்கிறது மூலம். அது வெறும் கல்யாணச் செலவு என்று சிலர் சுருக்கப் பார்த்தபோது, இல்லை, அவளுக்குரிய பங்கு என்று வாதாடியவர் இவர். வாரிசாக வந்தது, வாங்கியது, பாகத்தில் கிடைத்தது எல்லாமே ஸ்திரீதனம், அதாவது பெண்ணின் சொந்தச் சொத்து என்றும் எழுதினார். அதைக் குறுக்கியது வெள்ளைக்காரன் காலத்தில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில். மகனுக்குத்தான் பிறப்பிலேயே பங்கு என்பதும் அதே உரைதான், மறைக்கவில்லை. நீங்கள்தான் மீதியை மறைக்கிறீர்கள்.

"அது ஏட்டுல இருக்கட்டும், நம்ம ஊர் வழக்கம்?" என்பீர்கள். சரி, 1868-இல் ராமநாதபுரம் வழக்கில் அதே பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபித்த வழக்கம் நூலைவிட மேல் என்றது. அப்படியானால் வழக்கம் என்றே சொல்லுங்கள். விஞ்ஞானேசுவரர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

பூமி துண்டாகிவிடுமாம். அண்ணன் தம்பி பிரிக்கும்போது ஆகாததா? நகை போட்டோம், சீர் செய்தோம் என்பார்கள். போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் கல்லூரிச் செலவை யாராவது அவன் பங்கில் கழித்தார்களா?

வழக்கம் என்றால் இணைச்சீரும் வழக்கம்தானே. அண்ணன் கல்யாணத்தில் அதற்கு நின்றவள் நான். கூடப் பிறந்தவள் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. அப்பா போன மறுவருடம், 1998-இல், பத்திர ஆபீசுக்கு அதே அண்ணன்தான் கூட்டிப்போனான். "அம்மிணி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு." என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். "மனப்பூர்வமாக" என்று அதில் எழுதியிருந்தது. மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று இந்து வாரிசுச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 1989 திருத்தம், அதற்கு முன்பே கல்யாணமான என்னைச் சேர்க்கவில்லை. கல்யாணமான மகள்களையும் சேர்த்து மத்திய அரசு 2005-இல் திருத்தியபோது, என் கையெழுத்து காய்ந்து ஏழு வருடம்.

மண்ணாசை பிடித்தவள் என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஏக்கர் கணக்கா கேட்டேன்? படித்துப் பார் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணா, நீயும் இதைப் படிப்பாய். ஆடி நோம்பிக்கு வருவேன். நங்கையாளிடம் சொல்லிவை.