மடக்கு சைக்கிளில் ஊர் சுற்றலாமா?

மடக்கு சைக்கிள் என்று பேச்செடுத்தாலே சேலத்துக்காரர்கள் கேட்பது, "இதுல ஏற்காடு ஏற முடியுமா?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் பதிலை எல்லாரும் சக்கரத்தில் தேடுகிறார்கள். "இவ்வளவு சின்னதா இருக்கே, மிதிச்சே கால் கழண்டுடும்" என்று அதோடு முடித்துவிடுகிறார்கள்.

சக்கரம் சின்னது என்பதால் கூடுதலாக மிதிக்க வேண்டியதில்லை. பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்து அதைச் சரிக்கட்டித்தான் செய்கிறார்கள். சிக்கலே அங்கேதான். 20 இஞ்ச் மடக்கு சைக்கிள் பலவற்றில் முன்னால் 52 பல், பின்னால் அதிகபட்சம் 28 பல். இருப்பதிலேயே லேசான கியரில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 2.8 மீட்டர் போகும். மலை ஏறவே செய்த சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 இருந்தால், அதே ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்கூட வராது. அதாவது ஒவ்வொரு மிதியும் நமக்கு இரண்டு மடங்கு கனம். 20 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், பின் கேரியரில் துணிப்பை. முட்டி என்ன பாடுபடும்!

முன்னால் 38, பின்னால் 34 என்று மாற்றினால் 1.7 மீட்டருக்கு இறங்கிவிடும் (பின் கியர் அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). ஆத்தூர் சாலை மாதிரிச் சமதளத்தில் வேகம் குறையும்தான். குறையட்டுமே, சுற்றிப் பார்க்கத்தானே போகிறோம்? எழுந்து நின்று மட்டும் மிதிக்காதீர்கள். நீளமான ஹேண்டில் கம்பி ஆடும். உட்கார்ந்தே நிதானமாக ஏறுவதுதான் இந்த வண்டிக்குச் சரி.

சின்னச் சக்கரத்தின் நிஜக் குறைகள் வேறு. பள்ளத்தில் பெரிய சக்கரத்தைவிட ஆழமாக இறங்கும், டயர் சீக்கிரம் தேயும். மலை இறங்கும்போது ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், சின்ன ரிம் வேகமாகச் சூடேறும். பிடித்த பிடியை விடாமல் இறங்கக் கூடாது. நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். ஆனால் ஸ்போக் குட்டையாக இருப்பதால் சக்கரம் பலமானது, சுமை தாங்கும். அமெரிக்காவின் ஓரிகனில் இருக்கும் பைக் ஃப்ரைடே நிறுவனம், சூட்கேசில் அடங்கும் 20 இஞ்ச் சைக்கிள்களை நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்து விற்கிறது.

என்னைக் கேட்டால், வீட்டு வாசலில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை ஒரு கிலோமீட்டர் விடாமல் மிதிக்கப்போகிறவருக்கு மடக்கு சைக்கிள் வேண்டாம். மடக்கவே போவதில்லை என்றால் அந்தக் கீலுக்கும் கொக்கிக்கும் எதற்குக் காசு? அதே பணத்தில் இன்னும் நல்ல சாதாரண சைக்கிள் கிடைக்கும்.

நம்மைப் போல இரண்டு நாள் லீவில் சுற்றுகிறவர்களுக்கு இதை அடிக்க ஆளில்லை. சாதாரண சைக்கிளை ரயிலில் கொண்டுபோக பார்சல் ஆபீசில் காத்துக்கிடக்க வேண்டும். இதை மடக்கிப் பையில் போட்டால் சுமையோடு சுமை. ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டாலும் போட்டுவிட்டுப் போகட்டும். மேலே இறங்கி, விரித்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே 32 கிலோமீட்டர் லூப் ரோட்டைச் சுற்றிவிட்டு, குப்பனூர் பக்கமாக இறங்கிவிடலாம். ஏறித்தான் ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? மழை பிடித்தாலும் கால் பிடித்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

அப்புறம், வாங்குகிறவர்கள் டயரின் ஓரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 20 இஞ்ச் என்ற பெயரிலேயே 406, 451 என்று (டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில்) இரண்டு அளவு இருக்கிறது, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 406 என்றால் பிஎம்எக்ஸ் என்ற சாகச சைக்கிள்களுக்கும் அதுதான் அளவு; வழியில் பஞ்சரானாலும் டியூப் தேடி அலைய வேண்டியிருக்காது. பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிளின் 16 இஞ்ச் 349. சிறுவர் சைக்கிளின் 16 இஞ்ச்சோ 305. பிராம்ப்டன் வண்டிக்காரர்கள் டியூப் மட்டுமில்லை, ஒரு டயரையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.