ஆமாம், நான் ஆள் பிடிக்கிறவள்தான்

பிரிட்டன் வேலைக்காக ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள் என்று முந்தாநாள் எழுதினேன். அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "நீயும் ஆள் பிடிக்கிற ஏஜென்ட்தானே, யோக்கியம் பேசாதே" என்று ஒருவர். அதற்கு நூற்றுச் சொச்சம் லைக். அதில் எனக்குத் தெரிந்த பெயர்கள் பதினொன்று. ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

சரி, மறுபடியும் சொல்கிறேன். பிரிட்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிறுவனத்தின் எச்.ஆரில் இருக்கிறேன். வெளிநாட்டு ஆட்களை எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்குவது, அதைக் காப்பாற்றுவது, விசாவுக்கு வேண்டிய சி.ஓ.எஸ் (சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப், 'இவரை இந்த வேலைக்கு எடுக்கிறோம்' என்ற சான்று) போடுவது, இதுதான் என் பிழைப்பு. சி.ஓ.எஸ் என்பது காகிதம்கூட இல்லை. கணினியில் ஒரு பதிவு, அதற்கு ஒரு எண். பின்னால் உண்மையான வேலையும் விதிப்படியான சம்பளமும் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து விசா கிடைத்தாலும் நிலைக்காது. அது விற்கிற பொருள் இல்லை. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுக்கிறவன் உங்களுக்கு வேலை கொடுக்கவில்லை.

"முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்பார்கள். வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்று ஒன்று உண்டு. முதலாளி கட்ட வேண்டியது, தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவுக்கான சி.ஓ.எஸ் கட்டணமும் 2024 டிசம்பர் 31 முதல் அப்படித்தான். "சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளலாமே" என்று மீட்டிங்கில் கேட்ட மேனேஜரிடம் முடியாது என்று சொன்னது நான்தான். அதற்கு யாரும் லைக் போடவில்லை.

"ஏஜென்ட் இல்லாமல் எப்படி வருவது?" இது நியாயமான கேள்வி. லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வைத்திருக்கிறது, பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தாலே யோக்கியமான கம்பெனி என்று ஆகிவிடாது, அதுவும் உண்மை. இதற்கு மேல் என்னிடம் நல்ல பதில் இல்லை.

"ஏறின பிறகு ஏணியை எட்டி உதைக்கிறாள்." கேர் வொர்க்கர்களை, அதாவது பராமரிப்பு வேலைக்கு ஆட்களை, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22-ல் நிறுத்தியது நானா? 2022 பிப்ரவரியில் திறந்த வழி, மூன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. சி.ஓ.எஸ்ஸைக் கூவி விற்றவர்களுக்கு அதில் பங்கே இல்லையாக்கும்!

சித்தி மகன் 2023-ல் என் சமையலறையில் உட்கார்ந்து போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் ஒரு சி.ஓ.எஸ் எண், கீழே வாரம் 39 மணி நேரம் என்று இருந்தது. "பதினாறு லட்சம் குடுத்தேன்க்கா. வந்து மூணு மாசம் ஆச்சு, மொத்தம் ஒம்பது ஷிப்ட்." அடுத்த மாதம் அந்தக் கம்பெனியின் லைசென்ஸே ரத்து. வேறு ஸ்பான்சர் தேட அவனுக்கு 60 நாள்.

எங்களிடம் இடம் இருந்தது. ஆனால் வீடு வீடாகக் காரில் போய்ப் பார்க்கும் வேலை, அவனுக்கு டிரைவிங் லைசென்ஸ் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் வேண்டும் என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு சி.ஓ.எஸ் போட என்னால் முடிந்திருக்கும். பொய் வேலைக்கு எண் போட்டால் எனக்கும் அந்த ஏஜென்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். போடவில்லை. 58-ஆம் நாள் அவன் ஊருக்கு விமானம் ஏறினான். சித்தி என்னோடு பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் பதினொன்றில் ஒரு லைக் அவனுடையது. அவனை ப்ளாக் செய்யவில்லை. மற்ற பத்துப் பேரைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.