ஐந்தாவது பாட்டில் அந்தப் பியானோ

போன சனிக்கிழமை ராத்திரி சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் துணி மடித்துக்கொண்டே அமெரிக்க ராக் பாடகர் கிறிஸ் கார்னெலின் ‘யூஃபோரியா மார்னிங்’ ஆல்பத்தைப் போட்டிருந்தேன். பல வருஷம் கழித்து அதை முழுசாகக் கேட்டது அன்றுதான். ஐந்தாவது பாட்டு ‘வென் ஐம் டவுன்’ ஓடும்போது, பியானோ வகுப்புக்குப் போகும் என் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அப்பா, இந்தப் பியானோ யாருப்பா வாசிக்கிறாங்க?” என்றாள். பாடுகிறவரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

1999 கடைசியில், தேசிய சேவையில் இருந்தபோது வாங்கிய சிடி இது. ராணுவ முகாமிலிருந்து வெளியே வந்ததும் நேரே ஆர்ச்சர்ட் ரோடு, ஹீரன் கட்டடத்தில் இருந்த எச்எம்வி இசைக்கடைக்குப் போவேன். அங்கே ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கலாம், இதை நான் கேட்காமலே வாங்கினேன். சவுண்ட்கார்டன் பேண்டின் பாடகர், வேறென்ன வேண்டும்? 1997இல் அந்த பேண்ட் கலைந்ததிலிருந்து அந்தக் குரலுக்குக் காத்திருந்தவன் நான். வீட்டுக்கு வந்து போட்டால் அந்த இரைச்சலும் இல்லை, அலறலும் இல்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டு மூடி வைத்தேன், “ஆள் அடங்கிட்டார்டா” என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

2017 மே மாதம் டெட்ராய்ட்டில் கச்சேரி முடிந்த இரவில் கார்னெல் இறந்த பிறகு, இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிற பலரும் வரிக்கு வரி சாவைத் தேடுகிறார்கள். 2015இல் மறுபடி வெளியிட்டபோது பெயரிலும் ஓர் எழுத்து கூடியது. உச்சரிப்பு அதேதான், ஆனால் ‘காலை’ (Morning) என்றிருந்தது ‘துக்கம்’ (Mourning) ஆகிவிட்டது. அவர் முதலில் வைக்க நினைத்த பெயரும் அதுதான். சரி, துக்கம் இருக்கிறது. இதில் உள்ள ‘வேவ் குட்பை’ பாட்டு 1997இல் ஆற்றில் மூழ்கி இறந்த பாடகர் ஜெஃப் பக்லிக்காக எழுதியது, அதில் குரலை மேலே இழுத்துப் பாடும் விதமே பக்லியை நினைவுபடுத்துகிறது. ஆனால் நண்பனைப் பறிகொடுத்தவன் அழுவது, பதினெட்டு வருஷம் கழித்து வரப்போகும் தன் சாவுக்கான அறிகுறி ஆகிவிடுமா? அப்படிக் கேட்பது அந்த மனுஷனுக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

எனக்கு இப்போது இதில் கேட்பது கூட்டாளிகளின் சத்தம். லெவன் என்ற பேண்டில் இருந்த நட்டாஷா ஷ்னைடரும் அவர் கணவர் அலன் யோஹான்னஸும் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தங்கள் ஸ்டூடியோவில் கார்னெலோடு சேர்ந்து தயாரித்த ஆல்பம் இது. அப்புறம் மேடைக்கும் கூடவே போனார்கள். பேண்ட் கலைந்து தனியாக நின்றவரை உட்காரவைத்து வாசித்தவர்கள் அவர்கள். மகள் கேட்ட பியானோவும் நட்டாஷாதான். கார்னெல் குரல் உடைகிற இடத்தில் பியானோ முந்திக்கொண்டு ஓடவில்லை, கூடவே நிற்கிறது. 19 வயதில் எனக்கு இது காதில் ஏறவே இல்லை.

நட்டாஷா 2008இல் புற்றுநோயில் இறந்துவிட்டார். அதன் பிறகு கார்னெல் தனியாகக் கச்சேரி செய்த காலத்தில் மேடையில் ஒரு ரெக்கார்ட் பிளேயரை வைத்து, நட்டாஷா வாசித்த பியானோ மட்டும் பதிந்த தட்டில் தன் கையால் முள்ளை வைத்துவிட்டு, அதற்கு மேல் இந்தப் பாட்டைப் பாடுவார். மகளிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கீபோர்டைத் திறந்து, பாட்டின் தொடக்கத்தை ஒவ்வொரு சுரமாகத் தேட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் நேரம் என்பதால் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொன்னேன்.