எடைக்குண்டை மாற்றியவர்

அமெரிக்காவின் கறுப்பின வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்த ஒற்றை வரியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். சலித்துச் சலித்து, அந்தச் சலிப்பே எனக்குச் சலித்துவிட்டது என்ற பொருளில் 1964 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் அவர் பேசியது. அவருடைய கல்லறையிலும் அதைத்தான் பொறித்திருக்கிறார்கள். அந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை மட்டும் படித்தவர் மனதில் நிற்பது, பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்துவிட்ட ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் சித்திரம். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஹேமருக்குக் கணக்குத் தெரியும். அவர் வாழ்க்கை முழுக்க ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்: இந்த ஊரில் யார் சாப்பிடுவது, யார் பட்டினி கிடப்பது என்பதை யார் முடிவுசெய்கிறார்கள்?

அவர் வேலை பார்த்த பருத்திப் பண்ணையிலிருந்தே தொடங்குகிறேன். மிசிசிப்பி மாநிலம், சன்ஃபிளவர் மாவட்டம், ரூல்வில் என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் கூலியாட்களின் நேரக்கணக்கு எழுதும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். பருத்தி மூட்டையை நிறுக்கும் தராசுக் கோலில் ஓர் எடைக்குண்டு தொங்கும். பண்ணையாரின் குண்டு கள்ளக் குண்டு. நாளெல்லாம் குனிந்து பறித்த பருத்தியை அது குறைத்துக் காட்டும். ஹேமர் சரியான எடையுள்ள வேறொரு குண்டைத் தன்னோடு வயலுக்குக் கொண்டுபோவார். பண்ணையார் கண்ணில் படாதவரை தன் குண்டால் நிறுப்பார். அவர் வருவது தெரிந்ததும் பழைய குண்டைத் தொங்கவிட்டுவிடுவார். கட்சி, இயக்கம், வாக்குரிமை எதையும் அவர் கேள்விப்படாத காலத்தில் நடந்தது இது. அவருடைய அரசியல் 1964இல் அட்லாண்டிக் சிட்டி கட்சி மாநாட்டு மேடையில் தொடங்கியது என்று சொல்கிறவர்களிடம் இந்தக் குண்டைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

1917இல் பிறந்தவர். இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. பெற்றோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள்: விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு, மீதிப் பாதியிலும் விதைக்கடன், பண்ணைக் கடையில் வாங்கிய மாவுக்கடன் என்று கழித்துவிட்டால் கைக்கு மிஞ்சுவது அடுத்த வருடத்துக்கான கடன்தான். ஆறு வயதில் சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்தவரிடம் பண்ணையார் வண்டியை நிறுத்தி, பருத்தி எடுப்பாயா, எடுத்தால் கடையில் தின்பண்டம் தருகிறேன் என்றாராம். எடுத்தார், தின்றார். அதன்பிறகு வயலைவிட்டு வெளியே வரவே முடியவில்லை. பதின்மூன்று வயதில் நாளொன்றுக்கு 200, 300 பவுண்டு எடுத்துக்கொண்டிருந்தார், அதுவும் போலியோவால் தாங்கித் தாங்கி நடந்த காலோடு. இடையில் ஒரு வருடம் அப்பா கொஞ்சம் தலைதூக்கி, சொந்தமாகக் கோவேறு கழுதைகளும் கலப்பையும் வாங்கி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். வெள்ளைக்காரர் ஒருவர் தீவனத்தில் பாரிஸ் கிரீன் என்ற பூச்சிமருந்தைக் கலந்துவிட்டுப் போனார். கால்நடைகள் செத்தன. குடும்பம் மீண்டும் வாரத்துக்கே திரும்பியது. கறுப்பர் ஒருவர் பண்ணையாரை நம்பாமல் சாப்பிட்டுவிட முடியும் என்ற நிலை வந்தால் அங்கே என்ன நடக்கும் என்பதை அவர் சிறுமியாக இருந்தபோதே பார்த்துவிட்டார்.

1961இல் கட்டியை அகற்ற மருத்துவமனைக்குப் போனவருக்கு, கேட்காமலேயே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். செய்தி பண்ணைவீட்டுச் சமையலறை வழியாக ஊரெல்லாம் பரவி, கடைசியில்தான் அவர் காதுக்கு வந்தது. ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இப்படிச் செய்வது அங்கே எவ்வளவு சகஜமென்றால், அதற்கு 'மிசிசிப்பி குடல்வால் அறுவை' என்று கேலிப்பெயரே இருந்தது. ஹேமருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. இரண்டு பெண்களை எடுத்து வளர்த்தார்.

1962 ஆகஸ்டில் ரூல்வில்லில் ஒரு தேவாலயக் கூட்டத்தில்தான், கறுப்பர்களும் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ளலாம் என்பதை முதன்முதலாகக் கேள்விப்பட்டார். வயது 44. கறுப்பர் உரிமைக்காக இயங்கிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள், கையைத் தூக்கினார். ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் மாவட்டத் தலைநகர் இண்டியானோலாவுக்குப் போனார்கள். இனப்பிரிவினையைக் காக்க 1954இல் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் பிறந்த ஊர் அது. பதிவு அலுவலர் மாநில அரசியல் சட்டத்திலிருந்து எளிதில் புரியாத ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார். கிறிஸ்துமஸ் நாளைப் பற்றி ஒரு குதிரைக்கு என்ன தெரியுமோ அதுதான் அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்று பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தி ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் மஞ்சள் நிறம் பள்ளிக்கூட பஸ்ஸைப் போல இருந்ததாம்! பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களுக்காக ஹேமர் பாடத் தொடங்கியது அந்த பஸ்ஸில்தான்.

வீட்டுக்கு வந்ததும் பண்ணையார் சொன்னது இரண்டே விஷயம்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் பண்ணையை விட்டுப் போ. நான் உங்களுக்காகப் பதிவுசெய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்றார் ஹேமர். பதினெட்டு வருட வேலை அந்த இரவோடு போயிற்று. பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் பதினாறு துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அப்போது அவர் அங்கே இல்லை.

1963 ஜூனில் வினோனா சிறையில் நடந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. வாக்குரிமைப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் கைதுசெய்து, போலீசார் வேறு இரண்டு கறுப்பினக் கைதிகளின் கையில் தடியைக் கொடுத்து அவரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகமும் கண்ணும் பிறகு சரியாகவே இல்லை. வழக்கு நடந்தது. நடுவர் குழுவில் எல்லோரும் வெள்ளையர். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள் அத்தனை பேரும் விடுதலை.

இனி அட்லாண்டிக் சிட்டி. 1964 ஆகஸ்ட், ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து வந்த அதிகாரபூர்வப் பிரதிநிதிகள் முழுக்க வெள்ளையர். கறுப்பர்களைத் தள்ளிவைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தக் குழு செல்லாது, எங்களை உட்கார வையுங்கள் என்று ஹேமர் இருந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி கேட்டது. பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுவின் முன்னால் ஹேமர் பேச உட்கார்ந்ததும், அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். எதற்கு? முந்தைய அதிபர் கென்னடி சுடப்பட்டு அன்றோடு ஒன்பது மாதம் என்று சொல்வதற்கு. கேமராக்கள் அங்கே ஓடின. ஆனால் அன்று இரவே தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தைப் போட்டன. பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அமெரிக்காவின் அதிபர் வாரத்துக்குப் பயிர் செய்த ஒரு பெண்ணின் குரலுக்குப் பயந்து மேடையேறிய காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

பிறகு வந்த சமரசம் சிரிக்கக்கூடியதாக இல்லை. எந்த மாநிலத்தையும் சேராத பொதுப் பிரதிநிதிகளாக இரண்டு இடம் தருகிறோம், அந்த இரண்டு பேர் யார் என்பதையும் நாங்களே சொல்கிறோம் என்றார்கள். அதில் ஹேமர் இல்லை. தென் மாநிலங்களை இழந்தால் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் வென்றுவிடுவார், பெரிய காரியத்துக்காகச் சின்னதை விட்டுக்கொடுங்கள் என்று அறிவுரை சொன்னவர்களில் கறுப்பின இயக்கத்தின் படித்த தலைவர்களும் இருந்தார்கள். உங்களுக்கு அரசியல் தெரியாது, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டீர்கள், ஊருக்குக் கிளம்புங்கள் என்று அந்தத் தலைவர்களில் ஒருவரான ராய் வில்கின்ஸ் தன்னிடம் சொன்னதாக ஹேமரே கூறியிருக்கிறார். இரண்டு இடத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டு அவர் மறுத்தார்.

நடைமுறை அரசியல் தெரியாத பிடிவாதம் என்று இதை இன்றும் எழுதுகிறார்கள். சரி, நடைமுறையையே பார்ப்போம். அந்த வெள்ளைப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் கட்சிக்கு விசுவாச உறுதிமொழி தர மறுத்து மாநாட்டைவிட்டே போய்விட்டார்கள். நவம்பரில் மிசிசிப்பி 87 சதவீத வாக்குகளைக் கோல்ட்வாட்டருக்கு அளித்தது. நாட்டின் பிற பகுதிகளில் ஜான்சன் அள்ளிக்கொண்டு போனார். அந்த மாநிலம் இல்லாமலேயே. யாரைத் திருப்திப்படுத்த ஹேமரை வெளியே நிறுத்தினார்களோ அவர்கள் உள்ளேயும் இருக்கவில்லை, வாக்கும் போடவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் போட்ட கணக்கு சரி; பட்டம் பெற்றவர்கள் போட்டது தப்பு. அவர் மேல் சொல்லப்பட்ட குற்றமே அரசியல் தெரியவில்லை என்பதுதான்! 1968இல் சிகாகோ மாநாட்டுக்கு முறையான பிரதிநிதியாக அவர் வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நான்கு வருடம் தாமதம்.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் பதிவுசெய்த கறுப்பின வாக்காளர் 7 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த நிலை மாறி, 1967இல் 60 சதவீதத்தை நெருங்கியது. பெரும்பாலான கட்டுரைகள் இங்கே மங்களம் பாடி முடித்துவிடும். எனக்கு ஹேமரைப் பிடிப்பதே இதற்குப் பிறகுதான்.

வாக்கு கிடைத்த பிறகும் பண்ணையாருக்கு எதிராக வாக்களித்தவருக்கு வேலை போயிற்று, வீடு போயிற்று. அதற்கு முன்பே, 1962 குளிர்காலத்தில், பக்கத்து லெஃப்ளோர் மாவட்டத்தில் அரசின் இலவச உணவுப் பொருள்களையே நிறுத்தியிருந்தார்கள், வாக்குரிமைக்காகக் கிளம்பியவர்களை அடக்குவதற்கு. இயந்திரங்கள் வேறு வந்துவிட்டன. பருத்தி எடுக்கக் கைகள் தேவைப்படவில்லை. அதே சன்ஃபிளவர் மாவட்டத்தில் பெரும்பண்ணை வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டின் குடும்பத்துக்கோ அரசின் விவசாய மானியம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 1967இல் ஹேமரின் வளர்ப்பு மகள் இறந்தார். அந்த உடம்பு சத்துணவில்லாமல் ஏற்கெனவே நலிந்திருந்தது.

1969இல் நாற்பது ஏக்கர் நிலம் வாங்கி 'சுதந்திரப் பண்ணை' கூட்டுறவை ஆரம்பித்தார். மாதச் சந்தா ஒரு டாலர். அதையும் கட்ட முடியாதவர்களே அதிகம். பிறகு நிலம் 600 ஏக்கரையும் தாண்டியது. ஒரு பகுதியில் கடனை அடைக்கப் பருத்தியும் சோயாவும். இன்னொரு பகுதியில் வீட்டுக்கு வேண்டியது: வெண்டை, பயறு, கீரை, சோளம். கூடவே ஒரு பன்றி வங்கி, கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் கொடுத்த பன்றிகளோடு. ஒரு குடும்பத்துக்குப் பெண்பன்றி ஒன்று தருவார்கள். அது குட்டி போட்டதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். வட்டி கிடையாது, கணக்குப்புத்தகத்தில் கள்ள எடை கிடையாது. கொல்லையில் ஒரு பன்றியும் தோட்டத்தில் கொஞ்சம் காய்கறியும் இருந்தால் உன்னை யாரும் பிடித்துத் தள்ள முடியாது என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. அப்பாவின் தீவனத் தொட்டியில் விஷம் கலந்ததற்கு ஹேமர் சொன்ன பதிலாகத்தான் இந்தப் பண்ணையை நான் பார்க்கிறேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பண்ணை நிற்கவில்லை. வடக்கிலிருந்து வரும் நன்கொடையை நம்பியே ஓடியது. நிதி திரட்ட ஊர் ஊராகப் போனவரால் நிர்வாகத்தைக் கவனிக்க முடியவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. அவர் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1976க்குள் கடனுக்கும் வரிக்கும் நிலம் கைவிட்டுப் போயிற்று. இன்னொன்றையும் சொல்கிறேன், என்னைப் போன்றவர்கள் சௌகரியமாகத் தாண்டிப்போவது: ஹேமர் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். 1971இல் தேசியப் பெண்கள் அரசியல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்துகொண்டே எதிர்த்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் தன்னைக் கேட்காமலே கருப்பையை இழந்தவர், கறுப்பினப் பெண்களின் பிள்ளைப்பேற்றில் கைவைக்கும் எதையும் நம்ப மறுத்ததில் எனக்கு வியப்பும் இல்லை.

1977 மார்ச் 14 அன்று, மவுண்ட் பேயூ மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 59. கையில் காசு இல்லை. அப்போது ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த ஆண்ட்ரூ யங் ரூல்வில்லுக்கு வந்து இரங்கல் உரை ஆற்றினார். அதிபரின் சுதந்திரப் பதக்கம் 2025 ஜனவரியில்தான் வந்தது.

அவரைப் புதைத்த இடம் ரூல்வில்லில், சுதந்திரப் பண்ணைக்காக வாங்கிய நிலத்தில் இருக்கிறது.