காப்பீடு மட்டும் போதாது

முதியோர் சிகிச்சை பற்றிய ஒரு கட்டுரை, வசதியுள்ள முதியவர்களே சிகிச்சையை அதிகம் பெறுகிறார்கள் என்றும், அதற்குத் தீர்வு காப்பீடு என்றும் சொல்கிறது. அதன் முடிவு சரி. ஆனால் தீர்வாகக் காப்பீட்டை மட்டும் சொல்வது போதாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் (வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்) பெரும்பாலும் உள்நோயாளிக்குத்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் வண்டிச்செலவுக்கும் அதில் வழியில்லை. வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு வர, துணைக்கு வரும் மகனின் ஒருநாள் கூலியும் போகும்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது, உண்மையிலேயே நல்ல திட்டம். நடவு, அறுப்பு நாட்களில் எல்லோரும் வயலுக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தால்தான் சிக்கல். மாத்திரை விட்டுப்போய், பிரஷர் ஏறி, சிலருக்குப் பக்கவாதத்தில் முடிகிறது. பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே துணை சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். நடவு, அறுப்பு நாட்களில் திட்ட ஊழியர்கள் காலை ஏழு மணிக்குள் வந்தால் பலர் தப்புவார்கள்.