ஓட்டையைச் சொன்னவர் திருடர் இல்லை

"வெப்சைட்டில் ஓட்டை இருக்கிறது என்று மெயில் அனுப்புகிறவர்கள் எல்லாரும் ஹேக்கர்கள், பதில் போடாமல் உடனே போலீசுக்குப் போங்கள்" என்று காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வியாபாரிகள் குரூப்புகளில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

ஐடி சட்டம் 2000-இன் 66-வது பிரிவு மூன்று வருடம் வரை சிறை என்று சொல்வது நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ அடுத்தவர் கம்ப்யூட்டரில் அத்துமீறுகிறவருக்குத்தான். அதற்காக அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து டேட்டாவை இறக்கலாம் என்று இல்லை, அது அதே சட்டத்தின் 43-வது பிரிவில் வரும் தப்பு. ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்வது வேறு. கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பே இப்படிப்பட்ட தகவல்களைக் கேட்டு வாங்குகிறது. நெதர்லாந்து அரசு, சொன்னவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்துப் பாராட்டுகிறது!

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு டியூஷன் சென்டர் வெப்சைட்டில், ஃபீஸ் ரசீது லிங்க்கின் கடைசியில் இருக்கும் 112-ஐ 113 என்று மாற்றினால் அடுத்த பிள்ளையின் பெயரும் அப்பா போன் நம்பரும் அப்படியே வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தது பாகாயத்திலிருந்து ஒரு காலேஜ் பையன். இரண்டு ஸ்க்ரீன்ஷாட், அதிலும் நம்பரை மறைத்து, ஒரு பைசா கேட்காமல் அனுப்பியிருந்தான். அன்று ராத்திரியே சரிசெய்தோம்.

பணம் கொடு, இல்லையென்றால் வெளியிடுவேன் என்று மிரட்டினால் அது குற்றம், தாராளமாகப் புகார் கொடுங்கள். மற்றவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதி, சரிசெய்ததும் அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அந்தத் தம்பி கேட்டதும் அவ்வளவுதான்.